முன் காலைப் பரிமாறுதல்

1. தெரியாத கலைக்கு ஒப்புக்கொண்டது

அன்று ஒரு மார்புக் கவசத்தைப் பிரித்துப் போட்டு, வியர்வை உப்பேறிய இணைப்புகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். சயா படியேறி வரும் சத்தம் கேட்டது. அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தால் எங்களுக்குப் புதிதாக ஒரு வேலை வருகிறது என்று அர்த்தம்.

எங்கள் டேக்வாண்டோ கூடம் ரங்கூனின் பசுந்தாங்கில், ஒரு லேத்துப் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கே எனக்கு இரண்டு பொறுப்புகள். ஒன்று, சிறுவர் வகுப்பு எடுப்பது. இரண்டு, போட்டிக்கான எலக்ட்ரானிக் கவசங்களைப் பராமரிப்பது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பெண் கடைசியில் சட்டை தைக்கிற வேலைக்குத்தான் போயிருக்கிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். கவசத்தில் தையலும் பிரியும் என்பதால் நான் மறுப்பதில்லை.

சயா என்றால் ஆசிரியர். எங்கள் தலைமைப் பயிற்சியாளரைக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் அழைப்போம். வீட்டில் அவர் சண்முகம், அடையாள அட்டையில் மவுங் சன்.

“தீபா, ஒரு நல்ல சேதி. கொரிய பாஷை சொல்லிக்குடுக்கிற பள்ளிக்கூடத்துக்காரங்க வந்திருந்தாங்க. அவங்க விழாவுல நாம டெமோ பண்றோம். பழைய கொரியச் சண்டை, புதிய கொரியச் சண்டை, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டணுமாம்.”

“புதுசு நம்மகிட்ட இருக்கு சயா. பழசுக்கு எங்க போறது?”

“தேக்கியன்னு ஒண்ணு இருக்காமே?”

“இருக்கு. நம்மள்ல யாருக்குத் தெரியும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் சரின்னுட்டேன்.”

இப்படிச் சொல்லிவிட்டு அவர் சுவரில் இருந்த வகுப்புப் பட்டியல் பலகையைப் பார்த்தார். அதில் மாலை வகுப்புக்கு நேராக ‘மலர் – விடுப்பு’ என்று எழுதியிருக்கும். எழுதியது நான். அழிய அழிய மேலே எழுதிக்கொண்டே வந்தவளும் நான்தான்.

“இன்னொண்ணு. டெமோ முடிஞ்ச கையோட மாலை வகுப்புக்கு நிரந்தரமா ஒரு ஆளைப் போடப்போறேன். மலரு திரும்பி வர்றதா இருந்தா அதுக்குள்ள கேட்டுச் சொல்லு. வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா காத்திருக்கேன். ஒண்ணுமே சொல்லாம எத்தனை நாளைக்கு விடுப்பு?”

நான் கேட்கிறேன் என்றேன். அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

2. மலர்

மலரும் நானும் ஒரே நாளில் கூடத்தில் சேர்ந்தோம். அவள் க்யிம்யிண்டைங்கிலிருந்து பஸ் மாறி வருவாள். உயரம், எடை இரண்டும் எங்களுக்கு ஒத்துப்போனதால் சயா எங்களை ஜோடியாக நிறுத்தினார். அந்த ஜோடி வெள்ளை பெல்ட்டிலிருந்து கறுப்பு பெல்ட் வரை மாறவில்லை. பிறகு இருவரும் ஒரே கூடத்தில் பயிற்சியாளரானோம்.

ஒரே ஆளோடு நெடுங்காலம் பயிற்சி செய்தால் உடம்பில் என்ன நடக்கும் என்று புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலர் சுழன்று உதைக்கும் முன் மூக்கால் ஒருமுறை மூச்சிழுப்பாள். அதை நான் காதால் கேட்பதற்குள் என் கால் விலகியிருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் என் முழங்காலுக்குக் கீழே புறங்காலால் மெல்லத் தட்டுவாள். வணக்கத்துக்குப் பிறகு எங்களுக்குள் இருந்த தனி வணக்கம் அது. அவள் வேலைக்காகக் கொரியாவுக்குப் போன பிறகு நான் மற்றவர்களோடு ஆடினேன். எல்லோரிடமும் அரைக் கணம் முந்தினேன். அல்லது அரைக் கணம் பிந்தினேன். என் உடம்பு மலருக்கு மட்டும் பதில் சொல்லப் பழகியிருந்தது.

அவள் அங்கே ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் உதிரி பாகங்கள் வார்க்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் ஒரு குழுவினர் தேக்கியன் ஆடுவதைப் பார்த்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள். “வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு டான்ஸ் ஆடுறாங்கன்னு நெனைச்சேன்டி. கிட்டப் போனேன். ஒருத்தர் காலைத் தட்டி என்னைப் புல்லுல உக்கார வெச்சுட்டாரு” என்று முதல் வாரமே குரல் செய்தி அனுப்பினாள்.

சயா ஒப்புக்கொண்ட டெமோவைப் பற்றி நான் சொன்னதும் அவள் குதித்தது போனில் கேட்டது. “யா பா தே! நான் சொல்லித் தர்றேன். நீ போனை நிமித்தி வை, போதும்.” யா பா தே என்றால் பரவாயில்லை, ஆகட்டும் என்பது. எதற்கெடுத்தாலும் அவளுக்கு அதுதான் வரும்.

இப்படித்தான் ரங்கூனில் ஒரு பட்டறை மாடியில், கைபேசித் திரை வழியாக, நாங்கள் தேக்கியன் படிக்க ஆரம்பித்தோம்.

3. கிண்ணம்

ஒரு குரல் செய்தியில் மலர் அவசரமாகச் சொல்லியிருந்தாள். “முக்கியமான ஒண்ணு மறந்துட்டேன். தேஜப். தேஜப் இல்லாம தேக்கியனே இல்ல. அது என்னான்னு அப்புறம் சொல்றேன், பஸ் வந்துருச்சு.”

அந்தச் செய்தி ஓடும்போது சயா பக்கத்தில் இருந்தார். அவர் கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்று வைத்திருந்தார். அந்தச் சொல்லை அதில் போட்டுப் பார்த்தார். இரண்டு பொருள் வந்தது. ஒன்று, பெரிய சூப்புக் கிண்ணம். மற்றது, விருந்தாளியை உபசரிப்பது.

“கிண்ணம். உபசரிப்பு. ரெண்டையும் கூட்டினா என்னா வருது?”

“இருங்க சயா. மலர் சொல்லட்டும்.”

“சொல்றதுக்கு என்னா இருக்கு? சண்டைக்கு முன்னாடி எதிராளிக்குச் சாப்பாடு போடுறாங்க! அந்தக் காலத்து மனுஷங்கடீ. எவ்ளோ பெரிய மனசு பாரு.”

அவர் அதைப் பள்ளிக்கூடத்து மேலாளர் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். அந்த அம்மா நெகிழ்ந்துபோனார். முதல் ஒத்திகை நாளில் அவரே நேரில் வந்தார். பின்னால் இரண்டு பேர் ஒரு பெரிய பானை மொஹிங்காவை, மீன் குழம்பில் சேவை போட்ட எங்கள் ஊர்ச் சாப்பாட்டை, தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மீன் குழம்பு வாசனையில் கீழே லேத்து நின்றது.

“எங்கே வைக்கட்டும்? நடுவிலா?”

“மேட்டுல வெக்காதீங்க!” என்று நான் கத்தினேன். மேட் என்பது நாங்கள் ஆடும் ரப்பர் விரிப்பு, அதில் எண்ணெய் பட்டால் கால் வழுக்கும். அதைத் துடைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பானையை வாசலோரம் வைத்தோம். சயா ஒரு கிண்ணத்தில் மொஹிங்காவை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, பியூவிடம் நீட்டி ஒத்திகை பார்த்தார். பியூ எங்கள் கூடத்தின் மூத்த மாணவி. கேலிக்காரி. அவள் பர்மியத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

“சயா, இதைக் குடித்துவிட்டு உதை வாங்கினால் எது முதலில் வெளியே வரும்?”

அதற்குள் மலர் வீடியோ அழைப்பில் வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கைபேசி அவள் கையிலிருந்து விழுந்து வானம் தெரிந்தது. பிறகு முகம் வந்தது.

“சாப்பாடு இல்லடி, கால்! ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு காலை முன்னால வெக்கணும். எதிராளி தொடுற தூரத்துல. ‘இந்தா, இதை அடி, இதைத் தட்டு’ன்னு குடுக்கணும். அவங்களும் அதே மாதிரி குடுப்பாங்க. அதுக்குத்தான் உபசாரம்னு பேரு. காலைத்தான் பரிமாறணும்.”

மேலாளர் அம்மாவுக்கு நான் பர்மியத்தில் விளக்கினேன். அவர் சற்று யோசித்தார்.

“சரி. ஆனால் மொஹிங்காவைத் திருப்பி எடுத்துப்போக முடியாது.”

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்று ஒத்திகை நடக்கவில்லை.

4. விளக்க அட்டைக்காக நான் எழுதியவை

டெமோ நடக்கும்போது படிக்க ஒரு விளக்கம் தேவைப்பட்டது. எழுதும் வேலை எனக்கு. வரிசை போட்டு எழுதாமல் எனக்கு எதுவும் புரியாது. இன்று வகுப்பு எடுப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் அந்த வரிசையைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முட்டி. டேக்வாண்டோவில் முட்டியை மடக்கி உயர்த்துகிறோம், காலைச் சாட்டைபோல வீசுகிறோம், உடனே இழுத்துக்கொள்கிறோம். உதை தெறிக்க வேண்டும். தேக்கியனில் முட்டி எந்நேரமும் தளர்ந்திருக்கும், உடம்பு மெல்ல ஏறி இறங்கும். உடம்பில் விழும் உதை தெறிப்பதில்லை, தள்ளுகிறது. எதிராளிக்கு அடிபடக் கூடாது, ஆனால் அவர் இடம்பெயர வேண்டும். இந்த வித்தியாசம் கேட்க எளிது. கறுப்பு பெல்ட் வாங்கியவர்களுக்கு இதைச் செய்வதுதான் மிகக் கடினம், ஏனென்றால் தெறிக்காத உதையைத் தப்பு என்றுதான் இத்தனை காலமும் திருத்தியிருக்கிறார்கள்.

அடிவைப்பு. தேக்கியன் ஆடுபவர் தரையில் ஒரு முக்கோணத்தை மிதித்துக்கொண்டே இருப்பார். அதற்குப் பூம் மிதிப்பது என்று பெயர். டேக்வாண்டோவில் தனியாகச் செய்யும் அசைவுத் தொடருக்குப் பூம்சே என்று பெயர். பேரில் பூம் இருக்கிறதே தவிர, ஒன்றில் கால் நிற்கவே நிற்காது. மற்றதில் ஒவ்வொரு நிலையிலும் நின்று காட்ட வேண்டும்.

கை. டேக்வாண்டோவில் முஷ்டி பிடித்துக் குத்துவதும் தடுப்பதும். தேக்கியனில் கைகள் பறவை இறக்கைபோல வீசிக்கொண்டிருக்கும். பார்வையைக் கலைக்கும், கழுத்தைப் பிடிக்கும், தூக்கிய காலைப் பிடிக்கும். இவற்றில் பிடிப்பதற்கு எங்கள் போட்டியில் தண்டம் உண்டு.

சத்தம். எங்கள் கிஹாப் அடிவயிற்றிலிருந்து வெடித்து வரும். தேக்கியனில் “இக்!”, “ஏக்!” என்பார்கள். இருட்டில் பூனையை மிதித்தவர்போல இருக்கும். பியூவுக்கு அது வரவே இல்லை. பயந்தாலும் விழுந்தாலும் அவள் வாயில் “அமலே!” என்ற பர்மிய ‘ஐயோ’தான் வந்தது.

வெற்றி. தேக்கியனில் எதிராளியைக் கீழே விழ வைத்தாலோ, முகத்தைக் காலால் தொட்டாலோ ஆட்டம் முடிந்தது. எங்களுக்குப் புள்ளிக் கணக்கு. அந்தக் கணக்கை இப்போது கவசம் போடுகிறது. இதில் என் வேலை சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கவசத்துக்குள் உணரிகள் இருக்கின்றன, காலுறையில் காந்தம் தைத்திருக்கிறது. எடைப் பிரிவுக்கேற்ப எவ்வளவு அழுத்தம் பட்டால் புள்ளி என்று நான் அமைத்துக்கொடுக்கிறேன். கருவி எதை எண்ணுகிறதோ அதைக் கால் கற்றுக்கொள்கிறது. கவசம் வந்த பிறகு பிள்ளைகள் முன் காலைத் தூக்கி, கத்திச் சண்டைக்காரர் கத்தியை நீட்டுவதுபோல நீட்டிக்கொண்டே ஆடுகிறார்கள். முன் காலைத் தரையில் வைத்தால் இழப்பு. இதை எழுதும்போதுதான் கவனித்தேன். பழைய விளையாட்டு முன் காலைக் கொடு என்கிறது. புதியது முன் காலை ஒளித்துக்கொள் என்கிறது.

மூலம். இங்கேதான் சண்டை வந்தது. மேலாளர் அம்மா “டேக்வாண்டோ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது என்று எழுதுங்கள், கேட்க நன்றாக இருக்கும்” என்றார். நான் மாட்டேன் என்றேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானியர் கொரியாவை விட்டு வெளியேறிய பின், ஜப்பானில் கராத்தே கற்றுவந்த கொரியர்கள் பலர் தனித்தனிக் கூடங்கள் திறந்தார்கள். அந்தக் கூடங்களை ஒன்றாக்கி, டேக்வாண்டோ என்று பெயரிட்டு, உதைகளை உயர்த்தி, வேகப்படுத்தித் தங்களுடையதாக்கினார்கள். ஹப்கிடோ என்ற இன்னொரு கொரியக் கலையின் மணிக்கட்டுப் பூட்டுகளுக்கும் ஜப்பானில் ஒரு வேர் இருக்கிறது. தேக்கியனோ ஊர்க்காரர்கள் திருவிழாவில் ஆடிய விளையாட்டு. பழைய ஓவியம் ஒன்றில் மல்யுத்தக்காரர்களோடு தேக்கியன் ஆடுபவர்களும் இருக்கிறார்கள், சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. ஜப்பானியர் காலத்தில் அது ஏறக்குறைய நின்றுபோய், மிகச் சிலரின் உடம்பு வழியாக மட்டும் இந்தக் காலத்துக்கு வந்து சேர்ந்தது. தேக்கியனிலிருந்து நேராக டேக்வாண்டோ வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. உதைகளின் மேல் விருப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அடிவைப்பு வரவில்லை என்பது செய்து பார்த்தால் தெரியும்.

மேலாளர் அம்மாவுக்கு முகம் வாடியது. சயாதான் சமாதானம் செய்தார்.

“எங்கப்பா எனக்கு வெச்ச பேரு சண்முகம். பள்ளிக்கூடத்துல வெச்ச பேரு மவுங் சன். ரெண்டும் நான்தானே? டேக்வாண்டோவுக்கு மட்டும் ஒரே அப்பன் இருக்கணும்னு ஏன் அடம் புடிக்கிறீங்கோ?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். ‘இரண்டாயிரம்’ போனது. ‘பல ஊர்களின் வழியாக வந்தது’ என்று எழுதினேன்.

5. “மமா, கால் எங்கே?”

டெமோவில் புதிய பகுதிக்கும் பழைய பகுதிக்கும் நானும் பியூவும் ஜோடி என்று சயா முடிவு செய்தார். மாலை வகுப்புக்கு அவர் மனதில் இருந்த ஆளும் பியூதான் என்று எனக்குத் தெரியும். பியூவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பியூ எங்களிடம் வருவதற்கு முன் சின்லோன் ஆடியவள். பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலாலேயே தட்டித் தட்டி ஆடும் எங்கள் ஊர் விளையாட்டு அது. அதில் முட்டி தளர்ந்திருக்கும், பாதத்தின் உட்புறத்தால் தட்டுவார்கள், உடம்பு ஒரு தாளத்தில் ஏறி இறங்கும். டேக்வாண்டோவில் சேர்ந்தபோது இந்தப் பழக்கத்தை எல்லாம் நாங்கள் அவளிடமிருந்து பிடுங்கப் பாடுபட்டோம். இப்போது தேக்கியனுக்கு அதுதான் தேவைப்பட்டது. மலர் திரையில் முதல்முறை முக்கோணம் மிதித்துக் காட்டியதுமே பியூவுக்கு வந்துவிட்டது. நான் மரக்கட்டைபோல நின்றேன்.

சில நாளில் அடிவைப்பு எனக்கும் வந்தது. தேஜப்தான் வரவில்லை.

பியூ தயங்காமல் தன் காலை என் முன்னால் வைத்தாள். நான் அதைத் தட்டினேன். விழுந்தாள், எழுந்தாள். அடுத்தது அவள் முறை. அவள் தட்டப் போனால் அங்கே என் கால் இல்லை.

“மமா, கால் எங்கே?”

மமா என்றால் அக்கா.

“இதோ இருக்கே.”

“அங்கே இருக்கிறது. இங்கே இல்லை.”

குனிந்து பார்த்தேன். நான் வைத்ததாக நினைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது என் பாதம். சாக்பீஸால் தரையில் குறி போட்டேன். குறிமேல் வைத்தேன், அவள் அசைந்ததும் பின்னால் வந்துவிட்டது. முன் காலில் எடையை ஏற்றிப் பார்த்தேன். கவசமெல்லாம் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. கவசப் பழக்கம் என்று சயாவிடம் காரணம் சொன்னேன். தொழில்நுட்பரீதியாக அது சரியான காரணம். அவரும் ஒப்புக்கொண்டார்.

“பழக்கம்தான். ஆனா சீக்கிரம் மாத்து தாயே. மலருகிட்ட கேட்டியா?”

“கேக்கறேன் சயா.”

ஒத்திகை வீடியோவை மலருக்கு அனுப்பினேன். அந்தக் கேள்வியை அனுப்பவில்லை. வருகிறேன் என்றாலும் வரமாட்டேன் என்றாலும் அதன்பின் பலகையில் ‘விடுப்பு’ என்ற சொல் இருக்காது. எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. விடுப்பில் இருப்பவர்கள் எங்கேயும் போய்விடவில்லை.

6. ஞாயிற்றுக்கிழமை மதியம்

மலர் பூங்காவிலிருந்து அழைத்தாள். அங்கே குளிர். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒரு தெர்மாஸைச் சுற்றி நின்றார்கள். இங்கே கூடத்தில் மின்சாரம் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்து ஓடையிலிருந்து வரும் காற்றில் உட்கார்ந்திருந்தேன்.

“வீடியோ பாத்தேன். பியூ ரொம்ப நல்லா செய்யறா. உனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு.”

“கவசப் பழக்கம். முன் கால் தன்னால பின்னால வந்துருது.”

“யாருகிட்டச் சொல்றே? நீ எங்கூட ஆடும்போது காலை எங்க வெப்பேன்னு எனக்குத் தெரியாதா? என் பாதத்துக்குப் பக்கத்துல கொண்டாந்து வெப்பே. எத்தனை தடவ மிதிச்சிருக்கேன்! அப்பவும் கவசம் போட்டுக்கிட்டுத்தானே ஆடினோம்?”

“அது நீ.”

“அதான் நானும் சொல்றேன்.”

கீழே பட்டறையில் யாரோ இரும்புக் குழாயைப் போட்டார்கள். கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

“மலர், உன் இடத்தைப் பத்தி சயா கேக்கச் சொன்னாரு. டெமோவுக்கு அப்புறம்...”

“தெரியும். எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்காரு.” அவள் மூக்கால் ஒருமுறை மூச்சிழுத்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். “நான் வரலை தீபா.”

“இப்ப வர முடியாது, தெரியும். நம்ம நாட்டு நிலைமை எல்லாம் சரியானதும்...”

“அப்படி இல்ல. நிலைமை ஒரு காரணம்தான். அதையே சொல்லிக்கிட்டிருந்தா நீயும் சரின்னு காத்துக்கிட்டு இருப்பே. எனக்கு இங்க பிடிச்சிருக்குடி. வேலைக்கு மறுபடி கையெழுத்துப் போட்டுட்டேன். இந்தக் குளிரு, இந்தப் பூங்கா, ஞாயித்துக்கிழமை, எல்லாம் பிடிச்சிருக்கு. உன்கிட்டச் சொல்லத்தான் வாய் வரலை.”

“ஓ.”

“ஓன்னா?”

“கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்.”

“அழறியா?”

“இல்ல. கரண்டு இல்ல, வேர்க்குது.”

அவள் சிரித்தாள். அப்புறம், “ஆணியில என் டோபோக் தொங்குதுல்ல? அதை எடுத்து யாருக்காச்சும் குடுத்துரு. இதுக்குள்ள பூஞ்சை பூத்திருக்கும்” என்றாள். டோபோக் என்பது எங்கள் பயிற்சி உடை.

“பூக்கலை. மழைக்காலத்துல துவைச்சுப் போட்டேன்.”

“பைத்தியம்” என்றாள் மெதுவாக. “தீபா, தேஜப்னா தைரியம்னு இங்க வந்த புதுசுல நெனைச்சேன். அது இல்ல. எதிர்ல நிக்கிறவளை ஒரு ஆளுன்னு ஒத்துக்கறது. பியூ அங்க காலைக் குடுத்துட்டு நிக்கறா. நீ அவளைத் தாண்டி என்னைத் தேடுறே. பாவம்டி அவ.”

யாரோ அவளைக் கொரிய மொழியில் கூப்பிட்டார்கள். அவள் அதே மொழியில் தயங்காமல் பதில் சொன்னாள். அவள் குரல் அந்த மொழியில் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அதுவரை நான் கேட்டிராத குரல். வர மாட்டாள் என்பதை அப்போதுதான் நான் முழுதாக நம்பினேன்.

7. லத்தாவில்

டெமோ லத்தா வட்டாரத்தில், பள்ளிக்கூடம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடந்தது. வெளியே சந்தை இரைச்சல். உள்ளே கொரியாவுக்குப் போகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறைய. அவர்கள் முகங்களைப் பார்த்தபோது ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு கூடத்தில், ஏதோ ஒரு பலகையில் ‘விடுப்பு’ என்ற சொல் எழுதப்படும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதிய பகுதி முதலில். கவசங்களுக்கும் புள்ளிப் பலகைக்கும் நான் பேட்டரி இணைப்பு செய்து வைத்திருந்தேன். நடுவில் மின்சாரம் போனபோதும் பலகை அணையவில்லை. என் தொழில் சார்ந்து அந்த நாளில் எனக்குத் திருப்தி தந்த விஷயம் அது. பியூவும் நானும் முன் கால்களை நீட்டி, ஒளித்து, எட்டிப் புள்ளி எடுத்தோம். எண்கள் ஏறின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகு கவசத்தைக் கழற்றிவிட்டுத் தளர்ந்த வெள்ளை உடையில் வந்தோம். ஒலிபெருக்கி அணைந்திருந்ததால் மேலாளர் அம்மா விளக்க அட்டையை உரக்கப் படித்தார். சயா கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். மலர் அதில் இருந்தாள், அவ்வப்போது உறைந்து உறைந்து.

முக்கோணம் மிதித்தோம். தேஜப் வந்தது.

பியூ தன் காலை வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். நெற்றியில் திட்டாகப் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கரைந்திருந்தது. வலது தோளைச் சற்று இறக்கி நின்றாள். மலருக்கு அந்தப் பழக்கம் இல்லை. இத்தனை நாள் கூடவே ஒத்திகை பார்த்தும் அந்தத் தோளை நான் கவனித்ததில்லை. என் காலை எடுத்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் ஒரு நொடி குனிந்து பார்த்தாள். நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். பிறகு இடது கையால் என் கழுத்தைப் பிடித்து, சின்லோன் பந்தைத் தட்டுவதுபோல பாதத்தின் உட்புறத்தால் என் கணுக்காலைத் தட்டினாள். நான் மல்லாந்து விரிப்பில் விழுந்தேன். திட்டத்தில் அப்படி இல்லை. முதல் தடவை நான் தப்பித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பேசி வைத்திருந்தோம்.

“அமலே!” என்று பியூதான் கத்தினாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் கிடந்தபடியே சிரித்தேன். அவள் கை கொடுத்தாள், எழுந்தேன், உடையைச் சரிசெய்தேன். அதன் பிறகுதான் சயாவின் கைபேசியிலிருந்து, இணைப்புத் தாமதத்தால் பிந்தி, மலரின் குரல் வந்தது.

“ஏக்!”

8. பலகை

மறுநாள் கூடத்தை நான் திறந்தேன். பலகையில் ‘மலர் – விடுப்பு’ என்பதைத் துடைத்துவிட்டு ‘பியூ’ என்று எழுதினேன். பலமுறை மேலே மேலே எழுதியதால் பழைய எழுத்தின் நிழல் முழுதாகப் போகவில்லை. ஸ்பிரிட் போட்டால் போயிருக்கும். போடவில்லை.

டோபோக்கை மலரின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆணி காலியாக இருந்தது. பியூ மாலையில் வந்தாள், பலகையைப் பார்த்தாள். பையில் இருந்து சுத்தியல் ஒன்றை எடுத்தாள். கீழே லேத்துக்காரரிடம் வாங்கியிருக்கிறாள். மலரின் ஆணிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி அடித்து, தன் உடையை அதில் மாட்டினாள்.

அதன்பின் நாங்கள் ஜோடியாகவே வகுப்பு எடுக்கிறோம். இன்னும் சில சமயம் நான் அரைக் கணம் முந்திவிடுகிறேன். அவள் மூக்கால் மூச்சிழுப்பதில்லை, தோளைத்தான் இறக்குகிறாள். காதால் கேட்டுப் பழகியதைக் கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வகுப்பு எடுக்க வருகிறவர்களே, உதைகளின் பெயர்களையும் மூலங்களையும் நீங்கள் படித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஊர் இருக்கிற இருப்பில் உங்கள் ஜோடிகள் ஒவ்வொருவராகப் போவார்கள். சிலர் திரும்புவார்கள், சிலருக்குப் போன இடம் பிடித்துவிடும். அவர்களை நினைக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கே அது வரவில்லை. நினைத்துக்கொண்டே, எதிரே வந்து நிற்பவரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு முன் காலை வையுங்கள்.